இரு கொடுமுடிகளுக்கு இடையே

இமயம் என்னும் பெயர் தமிழர்க்குப் புதியதன்று. உயர்வுக்கும் நிலைபேற்றுக்கும் உவமை தேடிய சங்கப் புலவர்கள் வடதிசையில் நின்ற அம்மலையைப் பலகாலும் சுட்டினர். சேரன் நெடுஞ்சேரலாதன் வில்லையும், சோழன் கரிகாலன் புலியையும், பாண்டியர் கயலையும் இமயத்தில் பொறித்தனர் என்பது இலக்கியம் போற்றும் மரபு. ‘இமயவரம்பன்’ என்பதே சேர வேந்தன் ஒருவனின் சிறப்புப் பெயராயிற்று. கண்ணகிக்குப் படிமம் சமைக்கக் கல் வேண்டிச் செங்குட்டுவன் இமயம் வரை சென்றதைச் சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் விரித்துரைக்கின்றது. இச்செய்திகளுள் வரலாறு எத்துணை, புனைவு எத்துணை என்பது ஆய்வாளர் முடிவுசெய்ய வேண்டியது. எனினும் ஒன்று தெளிவு: உயர்ந்த மலையொன்றைக் கண்டால் அதன்மீது தன் அடையாளத்தைப் பதித்துவிட வேண்டும் என்னும் வேட்கை மாந்தர்க்கு மிகப் பழையது.

வில்லும் புலியும் கயலும் வகித்த இடத்தை 20ஆம் நூற்றாண்டில் நாட்டுக் கொடிகள் வகித்தன. எந்நாட்டார், எவ்வாண்டில், எச்சிகரத்தில் முதன்முதலாகக் காலூன்றினர் என்பதே மலையேற்ற வரலாறு என்று கருதப்பட்டது. மாணவர் மனனம் செய்யும் செய்தியும் அதுவேயாயிற்று. இவ்வரலாற்றில் இரண்டு சிகரங்களுக்கு நடுவே கிடக்கும் நிலத்துக்கு இடமில்லை. ஆனால் நந்தா தேவி என்னும் இரட்டைக் கொடுமுடியை இணைக்கும் முகட்டின் கதையைப் படிப்போர், அந்த நடுநிலத்திலேதான் மலையேற்றத்தின் உண்மையான பெருமை விளங்குவதைக் காண்பர்.

அரண் சூழ்ந்த மலை

இந்தியாவின் உத்தராகண்ட் மாநிலத்தில், சமோலி மாவட்டத்தில் நந்தா தேவி எழுந்து நிற்கின்றது. அதன் முதன்மைச் சிகரம் 7,816 மீட்டர் உயரமுடையது. அதற்குக் கிழக்கே நிற்கும் துணைச் சிகரமாகிய கிழக்கு நந்தா தேவியின் உயரம் 7,434 மீட்டர். மலேசியாவின் கினபாலு மலை 4,095 மீட்டர் என்பதை நினைவிற் கொண்டால் இவற்றின் பெருமை ஒருவாறு விளங்கும். கஞ்சன்சங்கா இவ்விரண்டினும் உயர்ந்ததாயினும் நேபாள எல்லைமேல் நிற்பது. ஆதலால், இந்தியாவின் ஆட்சிப் பரப்புக்குள் முழுமையாக அடங்கிய மலைகளுள் நந்தா தேவியே தலையாயது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நேபாள மலைகள் அளக்கப்படுவதற்கு முன்னர், உலகிலேயே உயர்ந்த மலை இதுவென்று நில அளவையாளர் சிலர் எண்ணியதும் உண்டு.

உயரத்தினும் வியப்புக்குரியது இம்மலையின் இருப்பு. ஏறத்தாழ 110 கிலோமீட்டர் சுற்றளவுள்ள மலைமதில் ஒன்று இதனை வளைத்து நிற்கின்றது. அம்மதிலின் சராசரி உயரம் ஏறத்தாழ 6,000 மீட்டர். உள்ளே உருகும் பனிநீர் அனைத்தும் மேற்கே ரிஷி கங்கை என்னும் ஒற்றை ஆறாகத் திரண்டு, செங்குத்தான பிளவொன்றின் வழியே வெளியேறுகின்றது. கோட்டைக்கு வாயில் ஒன்றுதான்; அவ்வாயிலும் மனிதர் நடக்கத் தகாதது.

அப்பகுதி மக்களுக்கு இது வெறும் கல்லும் பனியும் அன்று. கட்வாலிலும் குமாவூனிலும் நந்தா தேவி குலம் காக்கும் தெய்வம். கிழக்குச் சிகரத்தை அவள் தங்கை சுனந்தா என்று போற்றுவர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்துவதென்னும் மரபுடைய ‘நந்தா ராஜ ஜாத்’ என்னும் பெரும் பயணத்தில், பிறந்தகத்திலிருந்து கணவன் வீடாகிய கைலைக்கு மகளை வழியனுப்புவதுபோல் மக்கள் அம்மையை மலைநோக்கி அழைத்துச் செல்வர். நான்கு கொம்புடைய ஆட்டுக்கடா ஒன்று முன்னே நடக்க, பெண்கள் பிரிவுப் பாடல்களைப் பாடுவர். மலைமகள் என்று உமையை வணங்கும் தமிழர்க்கு அம்மக்களின் உள்ளம் எளிதில் விளங்கும்.

வாயில் திறந்த வரலாறு

இக்கோட்டைக்குள் நுழைய 1883ஆம் ஆண்டு முதல் பலர் முயன்றனர். 1905இல் டாம் லாங்ஸ்டாப் என்னும் ஆங்கில மருத்துவர், புரோசெரல் உடன்பிறப்பினர் இருவரைத் துணைகொண்டு கிழக்கு மதிலின் தாழ்ந்த பகுதி ஒன்றில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தார். ஆனால் இறங்க இயலவில்லை. ஏறத்தாழ 5,900 மீட்டர் உயரத்திலுள்ள அவ்விடம் இன்றும் லாங்ஸ்டாப் கணவாய் என வழங்குகின்றது. இக்கணவாயின் பெயர் இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் வரும்.

1934இல் எரிக் ஷிப்டன், டில்மன் என்னும் இருவரும், ஆங்தார்க்கே, பசாங், குசாங் என்னும் ஷெர்ப்பாக்கள் மூவரும் ரிஷி கங்கையின் பிளவுவழியே பாறைப் படிகளைத் தேடித் தேடி முன்னேறி, உட்பகுதியை அடைந்தனர். ஐவரும் ஒரே உணவை உண்டு ஒரே சுமையைச் சுமந்தனர்.

ஈராண்டு கழித்து, 1936 ஆகஸ்டு 29ஆம் நாள், பிரித்தானியரும் அமெரிக்கருமாக எண்மர் சேர்ந்த குழுவிலிருந்து டில்மனும் ஓடெலும் முதன்மைச் சிகரத்தை அடைந்தனர். ஓடெலுடன் ஏற வேண்டியிருந்தவர் சார்லசு ஹூஸ்டன் என்னும் அமெரிக்க இளைஞர். கெட்டுப்போன டின் இறைச்சியால் அவர் நோயுற்றதால் டில்மன் அவ்விடத்தில் சேர்ந்தார். வெற்றியை உலகுக்கு அறிவித்த முதற்செய்தியில் உச்சியை அடைந்தவர் இருவர் என்று இருந்ததேயன்றி, அவர் இன்னார் என்று இல்லை. இது குழுவின் வெற்றி என்பதே அவர்கள் எண்ணம். 1950இல் அன்னபூர்ணா ஏறப்படும் வரையில், மனிதர் அடைந்த சிகரங்களுள் உயர்ந்தது நந்தா தேவியாகவே இருந்தது. அப்பயணத்தில் அடித்தளப் பாசறையில் நோயுற்று உயிர்நீத்த கித்தார் என்னும் ஷெர்ப்பாவின் பெயரையும் வரலாறு மறத்தல் ஆகாது.

கிழக்குச் சிகரம் போலந்து நாட்டாரால் ஏறப்பட்டது. ஆதாம் கார்பின்ஸ்கி தலைமையில் நால்வர் வந்தனர். அவர்களுள் யாக்குப் புயாக், யானுஷ் கிளார்னர் என்னும் இருவர் லாங்ஸ்டாப் கணவாயிலிருந்து தெற்கு முகட்டின் வழியே ஏறி, 1939 ஜூலை 2ஆம் நாள் உச்சியை அடைந்தனர். அம்மாதத்திலேயே அருகிலுள்ள திர்சூலி மலையில் பனிச்சரிவு ஒன்று கார்பின்ஸ்கியையும் பெர்னாட்ஜிகேவிச்சையும் கொண்டது. எஞ்சிய இருவரும் போர் சூழ்ந்த உலகுக்குத் திரும்பினர். 1945இல் இங்கிலாந்தில் புயாக் காணாமற் போனார். 1949இல் வார்சாவில் வீட்டைவிட்டுச் சென்ற கிளார்னர் திரும்பவேயில்லை. இதனைத் தேவியின் சினம் என்று கூறுவாருளர். பனிச்சரிவும் போரும் போருக்குப் பிந்திய கொடுங்காலமும் கண்முன் நிற்கையில், தெய்வத்தின்மேல் பழி சுமத்துதல் நேரிய வரலாறு ஆகாது.

இவ்வாறு 1939ஆம் ஆண்டளவில் இரு சிகரங்களும் ஏறப்பட்டுவிட்டன. எஞ்சியது அவற்றை இணைக்கும் முகடு.

முகடு என்னும் வழி

முகடு எத்தகையது என்பதை ஊர்ப்புறத்துக் கூரைவீட்டைக் கொண்டு விளக்கலாம். வீட்டின் இருபுறச் சாய்வும் கூடும் உச்சிக்கோடு முகடு எனப்படும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அக்கோட்டின்மேல் நடப்பவனுக்கு இடப்புறமும் சரிவு, வலப்புறமும் சரிவு. ஊன்றும் அடியளவே அவனுக்கு உரிய நிலம். இரண்டு கொடுமுடிகளுக்கு இடையே கிடக்கும் மலைமுகடும் அத்தகையதே. நந்தா தேவியின் இரு சிகரங்களும் நேர்கோட்டில் இரண்டு முதல் மூன்று கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. சமநிலத்தில் அரைமணி நேரத்தில் நடந்து முடிக்கத்தக்க தொலைவு அது. ஆனால் அம்முகடு நேரானதன்று. பாறைப் பற்களாகவும் பனி அலகாகவும் இறங்கியும் ஏறியும் வளைந்தும் செல்வது.

சிகரத்துக்கு ஏறுவதற்கும் முகட்டைக் கடப்பதற்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. சிகரம் நோக்கி ஏறுபவர் களைத்தாலோ, புயல் வந்தாலோ, வந்த வழியே இறங்கலாம். வழியிலே கூடாரமும் உணவும் வைத்துவந்த இடங்கள் அவரை எதிர்நோக்கும். முகட்டைக் கடப்பவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. நடுப்பகுதியைத் தாண்டியபின் திரும்புதலும் முன்னேறுதலும் ஒரே அளவு இடர் உடையனவாகின்றன. இறங்க விரும்பினால் முதலில் இன்னொரு சிகரத்தின்மேல் ஏற வேண்டும். 7,400 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதன் ஐந்தில் இரண்டு பங்கு அளவே. அங்கு ஓர் இரவு தங்குவதும் உடலின் வலிமையைக் கரைப்பதே அன்றி வளர்ப்பதன்று. மிகுதியாகச் சுமந்தால் நடை தளரும். குறைவாகச் சுமந்தால் புயலுக்கு அஞ்ச வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே அளந்து துணிவதே முகட்டு நடையின் கலை.

வேறோர் இடரும் உண்டு. காற்று ஒருபுறமிருந்து ஓயாது வீசும்போது, வாரிவந்த பனி முகட்டின் மறுபுறத்தில் வெளியே நீண்டு படியும். கூரையின் இறவாரம் போல அது வெறும் வெளியின்மேல் தொங்கும். மேலே நடப்பவர்க்கு அது உறுதியான நிலம்போலத் தோன்றும். கீழே ஒன்றும் இராது. அன்றியும், அது முறியும் கோடு விளிம்பில் இராமல் உட்புறம் தள்ளியே இருக்கும். ஆதலால் தேர்ந்தவர் உச்சிக்கோட்டை விட்டுச் சற்றுத் தாழ, காற்று வீசும் பக்கத்துச் சரிவிலேயே நடப்பர். இருவர் ஒரே கயிற்றால் தம்மைப் பிணைத்துக்கொண்டு செல்வர். ஒருவர் இடப்புறம் வீழ்ந்தால் மற்றவர் நொடியும் தாழ்க்காமல் வலப்புறம் தாவ வேண்டும். முகட்டின்மேல் படிந்த கயிறு இருவரையும் தாங்கும். ‘ஒருவன் உயிர் மற்றவன் கையில்’ என்பது அங்கே அணியன்று, அன்றாட நடைமுறை.

1951ஆம் ஆண்டு

1950 ஜூன் 3ஆம் நாள் பிரஞ்சு நாட்டார் அன்னபூர்ணாவின் உச்சியை அடைந்தனர். 8,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரம் ஒன்றை மனிதர் அடைந்தது அதுவே முதன்முறை. அவ்வெற்றி பிரஞ்சு இளைஞரின் உள்ளத்தில் கனலை மூட்டியது. மறு ஆண்டே லியோன் நகரத்திலிருந்து ரோஜர் டூப்ளாவின் தலைமையில் ஒரு குழு நந்தா தேவியை நோக்கிப் புறப்பட்டது. சிகரத்தை அடைதல் மட்டும் டூப்ளாவின் நோக்கமாக இருக்கவில்லை. முதன்மைச் சிகரத்தில் ஏறி, முகட்டின் வழியே கிழக்குச் சிகரத்தை அடைந்து, போலந்து நாட்டார் ஏறிய வழியே லாங்ஸ்டாப் கணவாய்க்கு இறங்க வேண்டும் என்பது அவர் திட்டம். இமயத்தில் அத்துணை உயரத்தில் அத்தகைய கடப்பு அதற்குமுன் நிகழ்ந்ததில்லை.

அக்குழுவின் ஷெர்ப்பாக்களுக்குத் தலைவராக அமர்ந்தவர் டென்சிங் நார்கே. எவரெஸ்ட் புகழ் அவரை வந்தடைய இன்னும் ஈராண்டு இருந்தது. இந்திய இராணுவத்தைச் சேர்ந்த நந்து ஜயால் என்னும் இளம் அதிகாரியும் உடன்சென்றார். ரிஷி கங்கையின் பிளவைக் கடந்து உட்பகுதியை அடைந்தபின் குழு பிரிந்தது. டூப்ளாவும், இருபதைச் சற்றே கடந்த இளைஞரான கில்பேர் வீஞும் முதன்மைச் சிகரத்தின் வழியே செல்வது. லூயி டூபோ, டென்சிங் முதலியோர் கிழக்குப் பக்கம் சென்று, கடந்து வருவோரை எதிர்கொண்டு உணவும் துணையும் அளிப்பது என்பது ஏற்பாடு.

1951 ஜூன் 29ஆம் நாள் டூப்ளாவும் வீஞும் தம் உயர்பாசறையை விட்டுப் புறப்பட்டனர். விரைந்து செல்வதே காப்பு என நம்பியதால் அவர்கள் சுமை மிகக் குறைவாக இருந்தது. அன்று பிற்பகல், உச்சிக்குச் சற்றுக் கீழே அவர்கள் முன்னேறிக்கொண்டிருப்பதைக் கீழிருந்த தோழர் கண்டனர். பின்னர் முகில் வந்து மூடிற்று. அதன்பின் அவ்விருவரையும் கண்டவர் எவருமில்லை.

உச்சியை அவர்கள் அடைந்தனரா? முகட்டில் இறங்கினரா? இறவாரம் முறிந்ததா? புயலில் வழி தப்பினரா? இவ்வினாக்களுக்கு விடையில்லை. 1924இல் எவரெஸ்டில் மல்லோரியும் இர்வினும் முகில் மூடி மறைந்ததைக் கடைசியாகக் கண்டவர், பின்னாளில் நந்தா தேவியின் உச்சியை முதலில் அடைந்த அதே ஓடெல் என்பது இங்கு நினையத்தக்கது. இருபத்தேழு ஆண்டு இடைவெளியில், இரு மலைகளில், இருவர் இருவராக நால்வர் ஒரே வகையாக மறைந்தனர்.

தேடிச் சென்ற இருவர்

கிழக்கே காத்திருந்தோர் முகட்டையே நோக்கியிருந்தனர். நாட்கள் கழிந்தன, எவரும் வரவில்லை. அந்நிலையில் அவர்கள் செய்யத்தக்கது என்ன? பருவமழை நெருங்கிக்கொண்டிருந்தது. குழுத்தலைவர் திரும்பவில்லை. எஞ்சியோரை நலமாக வீடு சேர்ப்பதே அறிவுடைமை என்று எவரேனும் கூறியிருப்பின், அதனைப் பிழையென்று சொல்ல எவராலும் இயலாது.

டூபோவும் டென்சிங்கும் வேறு முடிவு செய்தனர். கிழக்குச் சிகரத்தின் உச்சியிலிருந்து பார்த்தாலன்றி முகடு முழுவதும் கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே அவ்வுச்சிக்கு ஏற வேண்டும். போலந்து நாட்டார் இருவர் பன்னிரண்டு ஆண்டுகளுக்குமுன் ஏறியதற்குப்பின் எவரும் ஏறாத வழி அது. அதுவும் கத்தி முனை போன்ற ஒரு முகடே. பலநாள் உழைத்துப் பாசறைகளை மேலே நகர்த்தி, 1951 ஜூலை 6ஆம் நாள் அவ்விருவரும் கிழக்கு நந்தா தேவியின் உச்சியில் நின்றனர்.

அங்கிருந்து முதன்மைச் சிகரமும் இடைப்பட்ட முகடும் தெரிந்தன. மனிதரின் தடயம் ஒன்றும் தெரியவில்லை. அவர்கள் தேடிவந்த ஆட்கள் அங்கு இல்லை. மனிதர் பெறுதற்கரிய வெற்றியொன்றைப் பெற்ற அந்நேரத்தில், அவர்கள் உள்ளத்தில் இருந்தது துயரமே.

அதுவரை டென்சிங் அடைந்த சிகரங்களுள் அதுவே உயர்ந்தது. 1953 மே 29ஆம் நாள் எட்மண்ட் ஹிலாரியுடன் எவரெஸ்டின் உச்சியை அடைந்து அவர் உலகப் புகழ் பெற்றார். எனினும், தம் வாழ்வில் ஏறிய ஏற்றங்களுள் கடினமானது கிழக்கு நந்தா தேவியே என்று பிற்காலத்தில் அவர் கூறினார். எவரெஸ்டை ஏறியவர் அதனினும் ஏறத்தாழ 1,400 மீட்டர் தாழ்ந்த சிகரத்தைக் கடினமானது என்றதற்கு அம்முகட்டின் கூர்மை ஒரு காரணம். தோழரைத் தேடிச் சென்ற நெஞ்சின் சுமையும் மற்றொரு காரணமாக இருந்திருக்கலாம்.

பட்டியல்கள் இவ்வேற்றத்தைக் கிழக்கு நந்தா தேவியின் ‘இரண்டாம் ஏற்றம்’ என்று குறிக்கின்றன. எண்ணிக்கையில் அது உண்மை. ஆனால் ‘இரண்டாம்’ என்னும் அச்சொல், அவர்கள் ஏன் ஏறினர் என்பதைச் சொல்வதில்லை. புகழுக்காக ஏறியவரும் தோழருக்காக ஏறியவரும் பட்டியலில் ஒரே வரியில் நிற்பர். அவர்களைப் பிரித்துக் காட்டுவது வரலாற்றாசிரியன் கடமை.

அத்துயரப் பயணம் கல்வியாகவும் மலர்ந்தது. எவரெஸ்ட் வெற்றியைத் தொடர்ந்து 1954இல் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சிக் கழகம் நிறுவப்பட்டது. அதன் முதல்வராக நந்து ஜயாலும், களப்பயிற்சி இயக்குநராக டென்சிங்கும் பொறுப்பேற்றனர். 1951இல் நந்தா தேவியில் இழப்பைக் கண்ட இருவர், கயிற்றின் மறுமுனையில் இருப்பவனைக் காப்பது எவ்வாறு என்பதை இளந்தலைமுறைக்குக் கற்பிக்கும் ஆசிரியராயினர். ஜயால் 1958இல் சோ ஓயு மலைப்பயணத்தில் உயிர்நீத்தார். டென்சிங் 1986இல் மறைந்தார்.

முகடு கடக்கப்பட்டது

1951க்குப்பின் முகடு நெடுங்காலம் தனித்துக் கிடந்தது. 1964இல் நரேந்திர குமார் தலைமையில் வந்த இந்தியக் குழுவின் நவாங் கோம்புவும் தாவா நோர்புவும் முதன்மைச் சிகரத்தை இரண்டாம் முறையாக அடைந்தனர். கோம்பு, டென்சிங்கின் மருமகன் முறையினர். அதே பயிற்சிக் கழகத்தின் ஆசிரியருமாவார். 1975இல் இந்தியரும் பிரஞ்சு நாட்டாரும் கூட்டாக முகட்டைக் கடக்க முயன்றனர், வானிலை இடந்தரவில்லை.

1976இல் ஜகஜித் சிங், கானோ என்னும் இருவரின் தலைமையில் இந்தியரும் ஜப்பானியருமாக 21 பேர் சேர்ந்த குழு வந்தது. இக்குழு செய்த ஏற்பாடு கூர்ந்து நோக்கத்தக்கது. உட்பகுதியின் தென்புறமிருந்து இரு சிகரங்களையும் ஒரே காலத்தில் அணுகியது. ஒரு பிரிவு கிழக்குச் சிகரத்துக்கு வழி அமைத்தது; மற்றொரு பிரிவு முதன்மைச் சிகரத்துக்கு வழி அமைத்தது. இரு முனைகளிலும் ஆட்கள் நின்றபின்னரே நடுவே செல்வோர் புறப்பட்டனர். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஹசேகாவா, தகாமி என்னும் ஜப்பானியர் இருவர் கிழக்குச் சிகரத்திலிருந்து முகட்டின் வழியே முதன்மைச் சிகரத்தை அடைந்தனர். கால் நூற்றாண்டுக்கு முன் இருவர் உயிரைக் கொண்ட முகடு முதன்முறையாகக் கடக்கப்பட்டது.

டூப்ளாவின் திட்டத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு எண்ணத்தக்கது. பிரஞ்சு வீரர் மேற்கிலிருந்து கிழக்காக, அறிந்த சிகரத்திலிருந்து தம் குழுவினர் எவரும் ஏறியிராத சிகரத்தை நோக்கிச் சென்றனர். 1976இல் வந்தோர் கிழக்கிலிருந்து மேற்காக, 1936 முதல் அறியப்பட்ட இறங்குவழியை நோக்கிச் சென்றனர். அவ்வழியில் தோழர் இருந்தனர். இதனால் டூப்ளாவின் துணிவு குறைந்ததென்று கூறலாகாது. அவர் காலத்துக்கு அது மிகவும் முந்திய கனவு. ஆயினும் இரு கரையிலும் கால் நாட்டாமல் நடுவில் பாலம் நிற்பதில்லை என்பது இயற்கையின் விதி. வீரம் மட்டுமே போதாத இடத்தில் ஒழுங்குபட்ட தோழமை வழி திறந்தது. கடந்தவர் இருவர் எனினும் கடப்பித்தவர் பலர்.

வாயில் மீண்டும் மூடியது

மலை தரும் பெருமையை மட்டும் கூறி, மனிதர் அதற்குச் செய்ததைக் கூறாது விடுதல் முறையன்று. சீனம் 1964இல் அணுகுண்டு வெடித்தபின், அந்நாட்டின் சோதனைகளை உளவறிவதற்கென அமெரிக்க, இந்திய உளவுத்துறையினர் கூடி, 1965இல் புளூட்டோனியத்தால் இயங்கும் மின்னாக்கி ஒன்றை நந்தா தேவியின் உயரத்துக்குக் கொண்டுசென்றனர். வானிலை கெட்டதால் அதனை மலையிலேயே கட்டிவைத்துத் திரும்பினர். மறு ஆண்டு சென்று பார்த்தபோது அதனைக் காணவில்லை. 1978இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் நாடாளுமன்றத்தில் இதுகுறித்து அறிவித்தார். அக்கருவி கண்டெடுக்கப்படவில்லை.

பயணக் குழுக்கள் பெருகப் பெருக, விறகுக்காக மரங்கள் வெட்டப்பட்டன, குப்பை குவிந்தது. 1981இல் ரேகா சர்மா, ஹர்ஷ்வந்தி பிஷ்ட், சந்திரபிரபா ஐத்வால் என்னும் இந்தியப் பெண்மணியர் மூவர் முதன்மைச் சிகரத்தை அடைந்து பெருமை சேர்த்தனர். அடுத்த ஆண்டே அப்பகுதி தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 1983இல் உட்பகுதி மலையேறிகளுக்கு மூடப்பட்டது. 1988இல் அது உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக யுனெஸ்கோவால் ஏற்கப்பட்டது. கிழக்குச் சிகரத்துக்கு மட்டும், மதிலுக்கு வெளியே மிலம் பள்ளத்தாக்கின் பக்கமாகச் செல்லும் வழி திறந்திருந்தது.

இம்மூடலால் காடு தழைத்தது. ஆனால் சுமைதூக்கியும் வழிகாட்டியும் ஆடு மேய்த்தும் வாழ்ந்த லாத்தா, ரைணி முதலிய சிற்றூர்களின் மக்கள் பிழைப்பிழந்தனர். 1974இல் கௌரா தேவியின் தலைமையில் மரங்களைத் தழுவி நின்று காட்டைக் காத்த பெண்கள் ரைணியைச் சேர்ந்தவரே. காட்டை அழித்தவர் ஒருவராகவும் அதற்கு விலை கொடுத்தவர் மற்றொருவராகவும் அமைந்தது வருந்தத்தக்கது. சிகர வரலாற்றை எழுதுவோர், அடிவாரத்தில் நின்றவர்களையும் கணக்கில் எடுத்தல் வேண்டும்.

வரலாறு உணர்த்துவது

நந்தா தேவி முகட்டின் வரலாற்றைத் தொகுத்து நோக்கினால், அதில் மூவகை மாந்தரைக் காணலாம். ஒருவகையினர் டூப்ளாவும் வீஞும் போன்றோர்; எவரும் எண்ணாததை எண்ணி அதற்குத் தம்மையே கொடுத்தவர். அவர்களை வெறும் துணிச்சற்காரர் என்று ஒதுக்குதல் தகாது. அவர்கள் கனவு கண்டிராவிடில் 1976ஆம் ஆண்டின் செயல் நிகழ்ந்திராது. இரண்டாம் வகையினர் ஹசேகாவா, தகாமி போன்றோர். முன்னோர் பிழையிலிருந்து கற்று, பலர் தோளின்மேல் நின்று செயலை முடித்தவர். மூன்றாம் வகையினர் டூபோவும் டென்சிங்கும் போன்றோர். அவர்களுடையதன்று அக்கனவு, முடித்த பெருமையும் அவர்க்குரியதன்று. வராதவரை நோக்கிக் காத்திருந்து, காத்திருந்தது போதாதென்று தேடிச் சென்றவர் அவர்கள்.

பாடநூல்கள் முதல் இரு வகையினரை எளிதில் ஏற்றுக்கொள்கின்றன. தோல்வியுற்ற வீரனுக்கு ஒரு வரியும் வென்ற வீரனுக்கு ஒரு பக்கமும் ஒதுக்க அவை அறியும். மூன்றாமவர்க்கு எங்கே இடம் தருவதென்று அவை அறிவதில்லை. ஆனால் மாணவர் வாழ்வில் சிகரங்கள் சிலவே, முகடுகளோ பல. தேர்வில் தவறிய தோழனும், வறுமையால் பள்ளியைவிட்டு நின்ற தோழியும், பாதி வழியில் முகில் மூடி மறைந்தவரே. அவர்களைத் தேடிச் செல்லும் நாளில் முதலிடமோ பரிசோ கிடைப்பதில்லை. பலபோது தேடியவரும் கிடைப்பதில்லை. எனினும் சென்று தேடுதல் கடமையாகின்றது.

1951 ஜூலை 6ஆம் நாள் டென்சிங் நின்ற உச்சியில் அவர் பொறித்த வில்லும் இல்லை, கயலும் இல்லை. அவர் மறுபுறம் நோக்கினார்; நெடுநேரம் நோக்கினார்; எவரும் வரவில்லை என்றறிந்து இறங்கினார். ஈராண்டு கழித்து உலகம் அவரை உயர்த்திப் பேசியது. அவர் உயர்ந்து நின்ற நாள் அதற்கு முன்னரே வந்து சென்றுவிட்டது.